சேற்றில் பிறந்த சேக்குட்டி, விலையே இல்லாத சுனாமிகா: கழிவுத் துணி நிவாரணமாக மாறியது எப்படி?

காரின் உள்கண்ணாடியிலோ, காலேஜ் பையின் ஜிப்பிலோ ஒரு குட்டித் துணிப் பொம்மை தொங்குவதைப் பார்த்திருக்கலாம். வெளிறிய பருத்தித் துணி, உருண்டைத் தலை, கை கால் என்று சொல்லிக்கொள்ள இரண்டு முடிச்சுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் துணியில் பழுப்பு நிறக் கறை இருக்கும். 'அழுக்குப் பொம்மையைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?' என்று தோன்றும்.

வாங்கினார்கள். 2018-ல் ஆயிரக்கணக்கானவர்கள் தலா 25 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கறைக்காகவே வாங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

அந்தப் பொம்மையின் பெயர் சேக்குட்டி. ஊர், கேரளாவின் சேந்தமங்கலம். அதற்கு 13 வருடம் முன்பே நம் ஊர்ப் பக்கம், ஆரோவில்லில், இதே மாதிரி ஒரு துணிப் பொம்மை பிறந்திருந்தது. அதன் பெயர் சுனாமிகா. ஒன்று வெள்ளத்துக்குப் பின் வந்தது, இன்னொன்று ஆழிப்பேரலைக்குப் பின் வந்தது. இரண்டுமே குப்பைக்குப் போக வேண்டிய துணியில் செய்யப்பட்டவை, இரண்டுமே வாழ்வாதாரம் போனவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் ஒன்றுக்கு விலை உண்டு. இன்னொன்றை எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

'வடிவமைப்பு' என்றால் பணக்காரர்களுக்கான ஃபேஷன் ஷோ என்று நினைக்கிற நமக்கு, இந்த இரண்டு பொம்மைகளும் வேறொரு விஷயத்தைக் காட்டுகின்றன. அது என்ன, அதில் பணம் யாருக்குப் போகிறது, சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே லாபமா என்று பார்க்கலாம்.

சேந்தமங்கலத்தில் நடந்தது என்ன?

எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பரவூரை ஒட்டிய சின்ன ஊர் சேந்தமங்கலம். பெரியாற்றின் கிளைகளும் காயல்களும் சூழ்ந்த இடம். கொச்சி அரசர்களிடம் தலைமை அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன் குடும்பம், தேவாங்கச் செட்டியார்களைக் கொண்டுவந்து இங்கே தறி போட வைத்தது என்று சொல்வார்கள். அப்படி வளர்ந்த கைத்தறிதான் சேந்தமங்கலம் வேட்டி, செட்டு முண்டு, ஓரத்தில் ஜரிகை ஓடும் கசவுச் சேலை. புவிசார் குறியீடு பெற்ற நெசவு இது.

கேரள நெசவாளர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு சீசன்தான், ஓணம். நம் ஊரில் தீபாவளிக்குத் துணிக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தக் கூட்டம் ஓணத்துக்கு. அதனால் மாதக்கணக்கில் நெய்து, மடித்து, அடுக்கி வைப்பார்கள். 2018-ல் திருவோணம் ஆகஸ்ட் 25.

ஆகஸ்ட் 9-ம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. 15-ம் தேதிக்குப் பிறகு பெரியாற்றில் வந்த வெள்ளம் சேந்தமங்கலத்தை மூழ்கடித்தது. மாநிலம் முழுக்க 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த வெள்ளம் அது. சேந்தமங்கலத்தில் வீடுகளுக்குள் தண்ணீர், தறிகளுக்குள் சேறு. தறியில் ஏற்றியிருந்த பாவு வீணானது. சாயம், நூல் எல்லாம் போயிற்று. ஓணத்துக்காக அடுக்கி வைத்திருந்த சேலைகளும் வேட்டிகளும் நாள்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. கரிம்பாடம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மட்டும் சுமார் 21 லட்சம் ரூபாய்ச் சரக்கு நாசம் என்று அப்போது செய்திகள் வந்தன.

துவைத்தால் போகாதா? போகாது. வெளிர் நிறப் பருத்தியில் ஏறிய செம்மண் கறை அவ்வளவு சுலபத்தில் இறங்காது, பூஞ்சையும் பிடித்திருந்தது. நனைந்த துணியில் கொஞ்சத்தைச் சலவை செய்து தள்ளுபடி விலையில் விற்க முடிந்தது. மிச்சத்தை எரிப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலை. தன் கையால் நெய்ததைத் தானே கொளுத்துவது ஒரு நெசவாளிக்கு எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் லட்சுமி மேனன் என்கிற வடிவமைப்பாளரும், பொறுப்புச் சுற்றுலாத் துறையில் இருக்கும் கோபிநாத் பாறயிலும் அங்கே போனார்கள். எரிக்க வைத்திருந்த சேலைகளை வாங்கி, குளோரின் போட்டு, கொதிக்க வைத்துக் கிருமி நீக்கினார்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி, முடிச்சுப் போட்டுப் பொம்மை ஆக்கினார்கள்.

'சேந்தமங்கலத்துக் குட்டி' என்பதன் சுருக்கம் சேக்குட்டி. இன்னொரு அர்த்தமும் உண்டு, 'சேற்றைத் தாண்டி வந்த குட்டி'. சேறு நமக்கும் சேறுதானே, மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஒரு சேலையில் 360 பொம்மை: கணக்கைப் பார்ப்போம்

நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சேலை ஒன்று 1,300 முதல் 1,500 ரூபாய் வரை விலை போயிருக்கும். கறை பட்டபின் மதிப்பு பூஜ்யம். ஒரு சேலையிலிருந்து 360 சேக்குட்டி செய்யலாம். ஒரு பொம்மை 25 ரூபாய். 360-ஐ 25-ஆல் பெருக்கினால் 9,000 ரூபாய். அதாவது எரிக்கப் போன சேலை, புதுச் சேலையைவிட ஆறு மடங்கு பணம் கொண்டுவந்தது.

கேட்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும். 9,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து மட்டும் வரவில்லை. ஒரு பொம்மை கட்ட ஐந்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 360 பொம்மைக்கு 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். அந்த 30 மணி நேர உழைப்புக்குக் கூலி கொடுத்திருந்தால் நெசவாளர்களுக்குப் போகிற தொகை கணிசமாகக் குறைந்திருக்கும்.

கூலி கொடுக்க வேண்டி வரவில்லை. பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், ஐ.டி. கம்பெனி ஊழியர்கள், குடியிருப்புச் சங்கங்கள், வெளிநாட்டு மலையாளிகள் என்று தன்னார்வலர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். துணியை வாங்கிக்கொண்டு போய், பொம்மையாக்கித் திருப்பித் தந்தார்கள்.

இந்த முயற்சியின் புத்திசாலித்தனம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பொம்மையைச் செய்யத் தையல் தெரிய வேண்டாம், மெஷின் வேண்டாம். வெட்டவும் முடிச்சுப் போடவும் தெரிந்தால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்து விடலாம். வெள்ளம் பார்த்துப் பதறிப் போய், 'நாம என்ன செய்ய முடியும்?' என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கஷ்டமான, அழகான ஒரு பொம்மையை வடிவமைத்திருந்தால் இது நடந்திருக்காது. தேர்ந்த கைகள் பத்துப் பேரிடம்தான் இருந்திருக்கும்.

விலையும் அப்படித்தான். 25 ரூபாய் என்பது ஒரு டீ, ஒரு வடை காசு. நூறு வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்கலாம். இதையே 500 ரூபாய்ப் பொம்மையாக வைத்திருந்தால் கைவினைக் கண்காட்சியோடு நின்றிருக்கும்.

கறையை ஏன் மறைக்கவில்லை?

சாயம் போட்டு மறைத்திருக்கலாம், மேலே பூ எம்ப்ராய்டரி போட்டிருக்கலாம். வேண்டாம் என்று விட்டார்கள். ஒவ்வொரு சேக்குட்டியிலும் கறை வேறு வேறு மாதிரி இருக்கும். சிலதில் முகத்திலேயே இருக்கும்.

வியாபாரத்தில் குறை என்று ஒதுக்குவதை இங்கே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். வாங்கியவர் அதைப் பையில் மாட்டிக்கொண்டு போகிறார். 'இது என்ன பொம்மை?' என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். ஒரு விளம்பரமும் இல்லாமல் சேந்தமங்கலத்தின் பெயர் பரவியது இப்படித்தான். வங்கிக் கணக்கில் 25 ரூபாய் போட்டால் அடுத்த வாரம் மறந்துவிடும். பொம்மை மறக்க விடாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேக்குட்டி தறிகளைச் சரிசெய்யவில்லை. உடைந்த தறிகளை மீண்டும் ஓட வைத்தது அரசு உதவி, கூட்டுறவுச் சங்கங்களின் முயற்சி, 'சேவ் த லூம்' போன்ற அமைப்புகளின் வேலை. சேக்குட்டி செய்தது நடுவில் ஒரு பாலம் போட்டது. சரக்கு போய், சீசன் போய், கையில் காசே இல்லாத மாதங்களில் பணம் வந்தது, கூடவே கவனமும் வந்தது. 'ஒரு பொம்மை ஒரு ஊரையே காப்பாற்றியது' என்று எழுதுவது தலைப்புக்கு நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அவ்வளவு எளிதல்ல.

விற்பனைக்கு இல்லாத சுனாமிகா

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய அலைகள் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயின. புதுச்சேரியை ஒட்டிய மீனவக் கிராமங்களும் தப்பவில்லை.

நிவாரணம் வந்தது. அரிசி, பாய், பாத்திரம், பிறகு படகு, வலை. கவனித்துப் பார்த்தால் படகும் வலையும் ஆண்களின் தொழிலுக்கானவை. பெண்களுக்கு? மீன் வந்தால்தானே கூடையைத் தூக்கிக்கொண்டு விற்கப் போக முடியும். பல மாதங்கள் கடலுக்கே யாரும் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடல் சத்தம் கேட்டாலே நடுங்கியவர்கள், சும்மா உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரோவில்லில் 1997-ல் தொடங்கப்பட்ட 'உபாசனா' என்கிற ஆடை வடிவமைப்புக் கூடம் இங்கேதான் வருகிறது. அதை நிறுவிய உமா பிரஜாபதி பீகாரைச் சேர்ந்தவர், டெல்லியில் நிஃப்ட்டில் ஃபேஷன் டிசைன் படித்தவர். கூடத்தில் தையலுக்கு வெட்டிய பிறகு மிஞ்சிய துண்டுத் துணிகள் கிடந்தன. கைகளுக்கு வேலை தேவைப்பட்ட பெண்கள் கிராமங்களில் இருந்தார்கள். மனநல ஆலோசனையோடு சேர்த்துக் கைவேலைப் பயிற்சியும் தொடங்கியது. அதில் பிறந்தது, விரல் நுனியில் உட்காரக்கூடிய அளவுக்கு ஒரு பொம்மை. ஆழிப்பேரலையின் பெயரையே செல்லமாக்கி 'சுனாமிகா' என்று வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள், அந்த நாளில் அந்தக் குப்பத்தில் 'சுனாமி' என்ற சொல்லை யார் உச்சரிக்க விரும்பியிருப்பார்கள்? அந்தப் பெயரையே ஒரு குட்டிப் பெண்ணுக்கு வைத்து, சட்டை போட்டு, பொட்டு வைத்துக் கையில் கொடுத்தது துணிச்சலான முடிவு.

சுமார் 500 பெண்கள் வரை இதைச் செய்யப் பழகினார்கள். அவர்களுக்குக் கூலி உண்டு. ஆனால் பொம்மைக்கு விலை கிடையாது. சுனாமிகாவைப் பரிசாகத்தான் கொடுப்பார்கள், பரிசாகத்தான் வாங்கிக்கொள்ளணும். வாங்கிக்கொண்டவர் விரும்பினால் நன்கொடை தரலாம், தராமலும் போகலாம். நன்கொடை வந்தால் அதில் அடுத்த பொம்மைகள். இந்த முறையில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சுனாமிகாக்கள் 80-க்கும் அதிகமான நாடுகளுக்குப் போயிருக்கின்றன என்கிறது உபாசனா.

எதற்கு இந்தப் பிடிவாதம், ஐந்து ரூபாய்க்கு விற்றால் நிரந்தர வருமானம் கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலை ஒட்டிவிட்டால் அது சந்தையில் இருக்கிற ஆயிரம் சாவிக்கொத்துகளோடு போட்டி போட வேண்டும். அதைவிட மலிவாக, அதைவிடப் பளபளப்பாக மெஷின் பொம்மைகள் வரும். பரிசுக்கு அந்தப் போட்டி இல்லை. ஆனால் நன்கொடை நின்றால் வேலையும் நிற்கும், அதுவும் உண்மை. நன்கொடை எவ்வளவோ அவ்வளவுதான் வேலை என்பதால், வருமானம் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்க வழியில்லை. சேக்குட்டியின் வழி வேகமானது, கணக்குக் காட்ட எளிது. சுனாமிகாவின் வழி மெதுவானது, நம்பிக்கையை மட்டுமே நம்பியது. எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. உடனே காசு தேவைப்பட்ட நெசவாளிக்கு முதலாவது பொருந்தியது. மனசு ஆற வேண்டியிருந்த பெண்களுக்கு இரண்டாவது பொருந்தியது.

நிவாரணமே குப்பையான கதை

சுனாமியைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிட்ட ஒரு காட்சி உண்டு. நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, சாயம் போனது, அந்த வெயிலுக்கும் அந்த வாழ்க்கைக்கும் ஒட்டாத உடைகள். மீனவக் குடும்பங்கள் பலரும் அவற்றைத் தொடவே இல்லை. வீடு வாசல் போயிருக்கலாம், அதற்காக அடுத்தவர் கழற்றிப் போட்டதைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்ன? சாலையோரங்களில் துணி மலை மலையாகக் குவிந்து மழையில் நனைந்தது.

டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' அமைப்பு அந்தத் துணிகளைத் திரட்டித் தரம் பிரித்தது. 1999-ல் அன்ஷு குப்தா தன் வீட்டு அலமாரியிலிருந்த 67 உடைகளோடு தொடங்கிய அமைப்பு அது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடிந்தவை தேவைப்படும் ஊர்களுக்குப் போயின. உடுத்த முடியாத பருத்தித் துணிகள்? சுத்தம் செய்து, வெட்டி, மாதவிடாய்க் காலத் துணி நாப்கின்களாக மாறின. பேரிடர் முகாமில் அரிசி கொடுப்பவர்கள் உண்டு, இதை யோசிப்பவர்கள் அன்று ரொம்பக் குறைவு. சாம்பலையும் கோணித்துணியையும் பயன்படுத்தும் நிலையில் பெண்கள் இருந்த ஊர்கள் இந்தியாவில் உண்டு.

கூஞ்ச் பிறகு இன்னொரு மாற்றமும் செய்தது. துணியைத் தானமாகக் கொடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கிணறு தூர்வாரினாலோ, மூங்கில் பாலம் கட்டினாலோ, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி. அதே துணிதான், ஆனால் வாங்குகிற கை தாழவில்லை.

திரி, பேனா, மெத்தை

சேக்குட்டிக்கு முன்னும் பின்னும் லட்சுமி மேனன் செய்தவற்றையும் சொல்லிவிடலாம். முதியோர் இல்லப் பாட்டிகள் உருட்டிய விளக்குத் திரிகளை 'அம்மூம்மத்திரி' என்று பெயரிட்டு விற்றார். மலையாளத்தில் அம்மூம்மா என்றால் பாட்டி. கண் மங்கினாலும் கைக்குத் திரி உருட்டப் பழக்கம் போகாது, அதுதான் இதன் அடிப்படை. அடுத்து, கழிவுக் காகிதத்தைச் சுருட்டிப் பேனா. அடியில் ஓர் அகத்தி விதை. எழுதி முடித்து மண்ணில் போட்டால் முளைக்கும் என்ற யோசனை.

2020-ல் கொரோனா. தனிநபர் பாதுகாப்புக் கவச உடைகளைத் தைத்த யூனிட்டுகளில் வெட்டுத் துண்டுகள் டன் கணக்கில் குவிந்தன. அது துணி மாதிரி இருந்தாலும் துணி இல்லை, பிளாஸ்டிக் பூச்சு கொண்ட பாலிப்ரோப்பிலீன். மக்காது. எரித்தால் நச்சுப் புகை. பூச்சு இருப்பதால் உருக்கி மறுசுழற்சி செய்வதும் சிரமம். அதே நேரத்தில் கேரளாவில் ஊராட்சிக்கு ஊராட்சி கொரோனா சிகிச்சை மையம் திறக்க, படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு.

துண்டுகளை ஜடை பின்னுவது போல நீளமாகப் பின்னி, மடித்து வைத்துக் கட்டினால் மெத்தை. ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். 'சய்யா' என்று பெயர். 6 டன் கழிவிலிருந்து 2,400 மெத்தை, அதாவது ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ. விலை சுமார் 300 ரூபாய். ஊரடங்கில் வேலை இழந்த உள்ளூர்ப் பெண்கள் பின்னினார்கள். தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்கலாம் என்பதால் நோயாளி மாறினாலும் மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பொம்மைகளைவிட இதுதான் கெட்டிக்காரத்தனமான யோசனை என்று சொல்வேன். உணர்ச்சியை நம்பவில்லை, தேவையை நம்பியது.

சுற்றுச்சூழலுக்கு நிஜமாவே லாபமா?

இதில் கொஞ்சம் கறாராகப் பேசணும்.

ஆடைத் தொழிலில் வெட்டும்போதே துணியில் 10 முதல் 15 சதவீதம் வரை துண்டாகப் போகிறது என்பது பொதுவான மதிப்பீடு. திருப்பூர் போன்ற ஊரில் அது எவ்வளவு பெரிய குவியல் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அதைப் பொம்மை செய்து தீர்க்க முடியாது. உலகமே உட்கார்ந்து பொம்மை கட்டினாலும் முடியாது. அங்கே பனியன் வேஸ்ட்டை வாங்கிப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்களில் நூலாக்குகிற தொழில் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கிறது. அளவு என்று பார்த்தால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய உதவி அந்த மில்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் உருகி உருகி வீடியோ போடுவதில்லை, அவ்வளவுதான்.

பொம்மையின் பலம் எடையில் இல்லை. ஒரு பொருளைக் குப்பை என்று முடிவு செய்வதற்கு முன் இன்னொரு தடவை பார்க்க வைக்கிறது. நம் வீடுகளில் இது புதுசும் இல்லை. பழைய காட்டன் சேலை முதலில் தூளி, அப்புறம் படுக்கை விரிப்பு, அப்புறம் அடுப்படியில் கரித்துணி என்று மூன்று பிறவி எடுக்கும்.

பைகளிலும் இதே கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் வந்தன. நல்ல விஷயம். ஆனால் புதுப் பருத்தியில் தைத்த பைக்கு, பருத்தி விளைய வைத்த தண்ணீர், நூற்பு, மின்சாரம் என்று முன்கூட்டியே ஒரு கடன் இருக்கிறது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அது மேலானதாகும். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வாங்கி வந்த பைகள் பீரோவில் 40 கிடக்கின்றனவே, அவை இன்னும் அந்தக் கடனை அடைக்கவில்லை. மிஞ்சிய துண்டுத் துணியிலோ பழைய சேலையிலோ தைத்த பைக்கு இந்தக் கடன் மிகக் குறைவு, ஏனென்றால் அந்தத் துணி ஏற்கெனவே நெய்தாகிவிட்டது.

விதைப் பேனாவிலும் ஒரு இடறல் உண்டு. உடல் காகிதம், உள்ளே இருக்கும் ரீஃபில் பிளாஸ்டிக்தான். தூக்கிப் போட்ட இடமெல்லாம் அகத்தி முளைத்துவிடாது, ஈரமும் மண்ணும் வேண்டும். பேனா மேஜையிலேயே வருடக்கணக்கில் கிடந்தால் விதையின் முளைப்புத் திறனும் குறையும். பிளாஸ்டிக் பேனாவைவிட இது நிச்சயம் மேல். 'எழுதினால் காடு வளரும்' என்று யாராவது விற்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

வாங்குவதற்கு முன் என்ன கேட்கலாம்?

இப்போது கடைக்குப் போனாலும் ஆன்லைனில் போனாலும், 'இந்தப் பையை வாங்கினால் ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவுகிறீர்கள்', 'பூமியைக் காக்கும் டி-ஷர்ட்' என்று வரிசையாக வருகிறது. எல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நம்பவும் முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, விலையில் பங்கா, லாபத்தில் பங்கா என்பது. 500 ரூபாய்ப் பை. 'விற்பனை விலையில் 10 சதவீதம்' என்றால் 50 ரூபாய் போகும். 'லாபத்தில் 10 சதவீதம்' என்றால், லாபம் 50 ரூபாய் எனில் போவது வெறும் 5 ரூபாய். இரண்டு வாக்கியமும் அட்டையில் ஒரே மாதிரிதான் தெரியும். சேக்குட்டியில் இந்தக் குழப்பமே இல்லை, கிடைத்த தொகை நெசவாளர்களுக்கு என்று சொன்னார்கள், எந்த ஊர் நெசவாளர்கள் என்றும் சொன்னார்கள். யாருக்கு, எந்த ஊரில், எவ்வளவு என்று சொல்லாத 'சமூக அக்கறை'ப் பொருள் என்றால் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று, கழிவு நிஜமாகவே கழிவுதானா? தேவை அதிகமானதும் புதுத் துணியை வாங்கி வெட்டிக் 'கழிவுத் துணிப் பொருள்' என்று விற்பதும் நடக்கும். சேக்குட்டிக்கான கறைத் துணி அந்த ஒரு வெள்ளத்தோடு முடிந்துவிடுகிற சரக்கு. அப்படி ஓர் எல்லை இருப்பதுதான் இயல்பு.

'சூழலுக்கு உகந்தது', 'பசுமைப் பொருள்' என்று சும்மா போட்டுக்கொள்ளவும் இப்போது முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இப்படிச் சொல்கிற நிறுவனம் அதற்கான ஆதாரத்தையும் விவரத்தையும் தர வேண்டும். விளம்பரத்திலேயே தரலாம், க்யூஆர் கோடு அல்லது இணைய முகவரி வழியாகவும் தரலாம். ஸ்கேன் செய்து பாருங்கள், எதுவுமே இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

வரிவிலக்கு பற்றியும் பலர் கேட்பார்கள். 80ஜி சலுகை நன்கொடைக்குத்தான், பொருள் வாங்கியதற்குக் கிடையாது. பில் வேறு, நன்கொடை ரசீது வேறு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் விலக்கு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இல்லை.

பழைய துணி கொடுப்பதாக இருந்தால் துவைத்து, காயவைத்து, பட்டன், ஜிப் சரிபார்த்து, ஆண், பெண், குழந்தை எனப் பிரித்துக் கட்டிக் கொடுங்கள். கிழிந்த பருத்தித் துணியைத் தனியாகக் கட்டி, 'கிழிசல்' என்றே எழுதி வையுங்கள். அதை எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. நல்ல துணியோடு கலந்து அனுப்பினால்தான் அங்கே உட்கார்ந்து பிரிப்பவர்களுக்கு இரட்டை வேலை.